வெள்ளைப் பட்டைத் தொட்டிக்கு நான் தண்ணி ஊத்தல

டெல்லியில ஆசியாட் நடந்துச்சு பாருங்க, குட்டியானை பொம்மையா ரோடு ரோடா நின்னுச்சே, அது முடிஞ்ச கையோட வந்த பொங்கல். வருசம் கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாது. கிட்வாய் நகர்ல ஒரு வீட்டுல புதுசா கலர் டிவி வாங்கி, அதுக்கு மாலை போட்டு, குங்குமம் வச்சு உக்கார வச்சிருந்தாங்க. அந்த வீட்டுலதான் எங்க வீட்டுக்காரி அஞ்சலை பாத்திரம் தேச்சா. "மனுசங்க மூஞ்சியெல்லாம் தக்காளி கலர்ல தெரியுதுய்யா"ன்னு வந்து சொன்னா. அந்த டிவி வந்த வாரம்தான் நான் அந்தக் காரியத்தப் பண்ணேன்.

என்ன காரியம்னா, ஒரு ஆராய்ச்சியக் கொன்னேன். ஆத்திரத்துல இல்லீங்க, பாசத்துல.

நான் முசிறிப் பக்கம். பேரு காத்தமுத்து. டெல்லிக்காரங்க வாயில முழுப் பேரும் நுழையாது, பாதியோட இறங்கிக்குவாங்க. பள்ளிக்கூடத்துப் பக்கம் மழைக்குக்கூட ஒதுங்குனதில்ல. டெல்லியில ஒரு பெரிய விவசாயப் பண்ணை, படிச்சவங்க ஆராய்ச்சி பண்ற எடம், அங்க டெய்லி வேஜஸ் ஆளா இருந்தேன். மண்ணு கொத்துறது, களை எடுக்குறது, தொட்டி தூக்குறது. ஒம்பது வருசம் அப்படியே ஓடிப்போச்சு. பர்மனன்ட் ஆனா கம்பளிக் கோட்டு தருவாங்க, குவார்ட்டர்ஸ் தருவாங்க. நாங்க இருந்தது தகரக் கொட்டாய். இங்க பூஸ்னு சொல்ற மார்கழிக் குளிர்ல நாம விடுற மூச்சே மேல போய்த் தகரத்துல ஒட்டிக்கிட்டு, விடியக்காலம் நம்ம நெத்தியிலயே சொட்டும். (எங்க வீட்டுல மழை உள்ள பேஞ்சுச்சு. அத ஊர்ல சொன்னா ஒருத்தனும் நம்ப மாட்டேங்குறான்.) அதனால பர்மனன்ட்தான் எனக்கு அப்ப சாமி, பூதம் எல்லாம்.

நான் வேலை பார்த்தது டாக்டர் வசந்தாம்மாகிட்ட. டாக்டர்னா ஊசி போடுற டாக்டர் இல்ல, செடிக்கு டாக்டர். மொத நாளு இது தெரியாம என் முழங்கால் வலிய வெவரமா சொல்லிட்டேன். அவங்களும் பொறுமையாக் கேட்டுட்டு, "வெந்நீர் ஒத்தடம் குடுங்க காத்தமுத்து, ஆனா நான் கடுகுச் செடிக்குத்தான் வைத்தியம் பார்க்குறேன்"னாங்க. டெல்லியிலயே பொறந்து, மந்திர் மார்க்ல தமிழ்ப் பள்ளிக்கூடத்துல படிச்சவங்க. தமிழ் பாதி, இந்தி பாதி. கோவம் வந்தா மட்டும் முழுசா இங்கிலீஷு.

அந்த வருசம் ஐப்பசியில நாப்பது தொட்டி வச்சாங்க. சத்தே இல்லாத மணலு, அதுல கடுகுச் செடி. இருபது தொட்டிக்குச் செவப்புப் பட்டை அடிச்சோம், இருபதுக்கு வெள்ளைப் பட்டை. செவப்புப் பட்டைக்குப் பொட்டாஷ் உரத்தைக் கரைச்சு ஊத்துனாங்க. வெள்ளைப் பட்டைக்கு மத்த சத்தெல்லாம் உண்டு, பொட்டாஷ் மட்டும் கெடையாது. ஏன் இந்த ஓரவஞ்சனைன்னு கேட்டேன். ஒரு இலையப் பறிச்சு வெயிலுக்கு நேரா பிடிச்சாங்க.

"இதுல கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன வாய் இருக்கு, பாருங்க."

"கண்ணுக்குத் தெரியாதத எப்படிம்மா பாக்குறது?"

"அச்சா, பார்க்க வேண்டாம், கேளுங்க. செடி அந்த வாய் வழியாத்தான் மூச்சு விடும். ஆனா வாய் தொறந்திருந்தா உள்ள இருக்குற தண்ணியும் ஆவியாப் போயிடும். மழை இல்ல, மண்ணு காஞ்சு கெடக்கு. அப்ப செடி என்ன பண்ணணும்?"

"வாய மூடிக்கணும்."

"கரெக்ட். அப்படி நேரத்துக்கு மூடுறதுக்குப் பொட்டாஷ் வேணும். பொட்டாஷ் கிடைச்ச செடி வேரையும் நல்லா விடும், உள்ள இருக்குற தண்ணியையும் இறுக்கிப் பிடிச்சுக்கும். பஞ்சத்துல தாக்குப் பிடிக்கும். பொட்டாஷ் இல்லாததுக்கு வாய மூடத் தெரியாது. அது பாட்டுக்குத் தொறந்து வச்சுக்கிட்டு இருந்து காஞ்சு போயிடும்." என்னை ஏற இறங்கப் பார்த்தாங்க. "உங்களை மாதிரி."

இத வீட்டுல வந்து அஞ்சலைகிட்ட சொன்னது என் தப்பு. அவ அடுப்ப ஊதுறத நிறுத்திட்டு, "ஏய்யா, அந்த மருந்து மனுசருக்கும் உண்டான்னு கேட்டியா?"ன்னா.

ஏற்பாடு என்னன்னா, மாசி மாசத்துல ஆறு நாளு நாப்பது தொட்டிக்கும் தண்ணிய நிறுத்தணும். ஏழாம் நாளு ஒரு பெரிய சாஹிப் வருவாரு, நஜஃப்கர் பக்கத்து விவசாயிங்க வருவாங்க. அவங்க கண்ணு முன்னால செவப்பு நிமிந்து நிக்கணும், வெள்ளை தலை சாஞ்சு கெடக்கணும். "இது நல்லா முடியட்டும். அன்னைக்கே உங்க பர்மனன்ட் ஃபைலை அவர் முன்னால வச்சுக் கையெழுத்து வாங்கிடறேன்"னு வசந்தாம்மா சொல்லிட்டாங்க. அன்னையிலிருந்து நாப்பது தொட்டியும் எனக்குப் பெத்த புள்ளைங்க மாதிரி.

தை பொறக்குறதுக்கு முந்தி அவங்க தங்கச்சி பிரசவத்துக்கு மெட்ராஸ் கெளம்புனாங்க. மூணு வாரம். போறப்ப சொன்னாங்க, "வெள்ளைத் தொட்டியில நான் கலந்து வச்சுட்டுப் போற தண்ணியத் தவிர ஒண்ணும் போடக்கூடாது. பூச்சி வந்தா நீங்களா மருந்து அடிக்காதீங்க. சௌத்ரிகிட்ட சொல்லி எனக்கு ஒரு தந்தி அடிக்கச் சொல்லுங்க."

சௌத்ரிங்குறது எங்க சூப்பர்வைசர். ஹரியானாக்காரரு. மீசை மட்டும் தனியா ஒரு ஆளு ஒசரம் இருக்கும். என்னைய 'மதராசி'ன்னுதான் கூப்புடுவாரு. நான் எது சொன்னாலும் பாதிய நம்ப மாட்டாரு, மிச்சத்தக் கேக்கவே மாட்டாரு.

அம்மா போய் நாலாம் நாளு பூச்சி வந்துருச்சு. அசுவினி. இங்க அத 'மாகூ'ம்பாங்க. பச்சையா, பொடிப்பொடியா, குருத்துல மொச்சுப் பிடிச்சுக்கிட்டு சாறு உறிஞ்சும். அதுலயும் அநியாயத்தப் பாருங்க, செவப்புத் தொட்டியில ஒண்ணு ரெண்டு, வெள்ளைத் தொட்டியில கூட்டம் கூட்டமா. ஏற்கெனவே சத்தில்லாத புள்ளைங்க.

சௌத்ரிகிட்ட சொல்லித் தந்தி அடிச்சிருக்கலாம். அடிக்கலாம்னுதான் கெளம்புனேன். ஆபீஸ் படி ஏறுறப்பத்தான் யோசனை வந்துச்சு. பிரசவ வீட்டுக்குத் தந்தியா? எங்க ஊர்ல தந்திக்காரன் சைக்கிள் தெருவுல நுழைஞ்சாலே பொம்பளைங்க மாருல அடிச்சுக்கிட்டு ஓடியாருவாங்க. உள்ள என்ன எழுதியிருக்குன்னு யாரு நின்னு படிக்கிறா? 'பூச்சி வந்திருக்கு'ன்னு படிச்சுச் சொல்றதுக்குள்ள புள்ளத்தாச்சிக்கு ஏதாச்சும் ஆயிட்டா, அந்தப் பாவம் என்னைய விடுமா? படியிலேயே திரும்பிட்டேன்.

மருந்துதான் அடிக்கக்கூடாது. சாம்பல் மருந்து இல்லியே! எங்க பக்கத்துல அவரைக் கொடியில அசுவினி வந்தா, விடியக்காலம் பனி ஈரத்தோட ரெண்டு பிடி சாம்பலத் தூவுவோம். மறுநாளே பூச்சி மூட்டையக் கட்டிரும். அந்தச் சாம்பலு எங்க வீட்டுலயே ஒரு டின்னு இருந்துச்சு. அஞ்சலையோட அண்ணன் சிங்காரம், சாணக்யபுரியில ஒரு கெஸ்ட் ஹவுஸ்ல வெந்நீர் அடுப்பு பாக்குற ஆளு. மெட்ராஸ்லேருந்து வர்ற பெரிய மனுசங்க டெல்லிக் குளிர்ல பல்லு தந்தியடிச்சுக்கிட்டு நிப்பாங்க. அவங்களுக்கு மூணு வேளையும் வெறகு எரிச்சு வெந்நீர் போடுவாரு. அந்த வெறகுச் சாம்பலத்தான் அஞ்சலை பாத்திரம் தேய்க்க வாங்கியாந்து வச்சிருந்தா.

அதுலேருந்து தெனம் ஒரு பை எடுத்தேன். வெள்ளைத் தொட்டி இருபதுக்கும் இலை நனைய நனையத் தூவுனேன். மிஞ்சுனத வேரடியிலயும் போட்டேன். (கொறைச்சலா போட்டா மனசு கேக்கல.) அப்புறம் அன்னன்னைக்கு ஊத்த வேண்டிய தண்ணியவே மேலாக ஊத்தி இலையக் கழுவி விட்டுருவேன், யாரும் பாத்துரக் கூடாதுன்னு. தண்ணி மட்டும் அம்மா சொன்ன அளவு, நாப்பதுக்கும் ஒரே மக் அளவு. அதுல நான் ஒரு சொட்டு கூடக் கொறைய வச்சதில்ல. இத நல்லா ஞாபகம் வச்சுக்குங்க, கடைசியில கேப்பேன்.

பத்தே நாள்ல பூச்சி போச்சு. வீட்டுலதான் சண்டை வந்துச்சு. "சாம்பலக்கூடவா திருடுவாங்க இந்த ஊர்ல!"ன்னு அஞ்சலை, பக்கத்துக் கொட்டாய் பஞ்சாபிக்காரம்மாவோட பேச்ச நிறுத்திட்டா. நான் வாயே தொறக்கல. என் வாழ்க்கையில நான் வாய மூடிக்கிட்டு இருந்தது அந்த ஒரு மாசம்தான். அதுவும் தப்பான மாசம்.

வசந்தாம்மா திரும்பி வந்தாங்க. தங்கச்சிக்குப் பொண்ணு பொறந்திருக்குன்னு லட்டு குடுத்தாங்க. தொட்டியெல்லாம் சுத்திப் பார்த்தாங்க. "கமால் ஹை! ஒரு மாகூ கூட இல்லையே. நல்லாப் பார்த்துக்கிட்டிருக்கீங்க." எனக்கு நெஞ்சு ஒரு சாண் ஒசந்துச்சு. சொல்லிரலாம்னு வாய்வரைக்கும் வந்துச்சு. தந்தி அடிக்காததுக்குத் திட்டு விழுமோ, ஃபைலு நின்னுருமோன்னு லட்டோட சேத்து முழுங்கிட்டேன். அவங்க மட்டும் வெள்ளைத் தொட்டி இலையத் தடவித் தடவிப் பார்த்தாங்க. "இந்நேரம் ஓரமெல்லாம் கருகியிருக்கணுமே..."

மாசி வந்துச்சு. தண்ணிய நிறுத்துனோம். மூணாம் நாளு மத்தியானம் வெள்ளை சாயணும். சாயல. நாலாம் நாளு? இல்ல. செவப்பும் வெள்ளையும் ஒரே மாதிரி, ரேஷன் கடை வரிசை கணக்கா நிக்குது. வசந்தாம்மா மண்ணுல மண்டி போட்டு உக்காந்துட்டாங்க.

"காத்தமுத்து, உண்மையச் சொல்லுங்க. பாவம் பார்த்துத் தண்ணி ஊத்துனீங்களா?"

"பழனியாண்டவன் சத்தியமா ஒரு சொட்டு ஊத்தலம்மா!"

"ஜூட் போல்தா ஹை," பொய் சொல்றான்னு சௌத்ரி மீசையத் தடவுனாரு.

அன்னையிலிருந்து கொழாய்க்குப் பூட்டு. சாவி சௌத்ரி இடுப்புல. தொட்டிக்குப் பக்கத்துலயே கயித்துக்கட்டிலப் போட்டு உக்காந்துட்டாரு. என் சோத்துத் தூக்கைத் தொறந்து பாப்பாரு. மோரு கொண்டு போனா அவரு முன்னாலயே குடிச்சுட்டுத் தூக்கைக் கவுத்துக் காட்டணும். ஒண்ணுக்குப் போனாலும் பின்னாலயே வருவாரு.

எனக்கும் ஏன் சாயலேன்னு சத்தியமாத் தெரியல. பூச்சிய வெரட்டுனதுக்கும் காயாம நிக்கிறதுக்கும் என்னா சம்பந்தம்? ஒருவேளை நான் தெனம் மத்தியானம் 'என் புள்ளைங்க சாயக்கூடாது முருகா'ன்னு கும்புட்டது பலிச்சிருச்சோன்னு பயந்துட்டேன். ஒடனே மாத்திக் கும்புட்டேன். "முருகா, சாய வச்சிரு, பர்மனன்ட் வேணும்"னு. அவரும் எதுன்னு முடிவு பண்ணுவாரு பாவம்.

ஏழாம் நாளு. ஷாமியானா பந்தல் போட்டாச்சு. சமோசா வந்தாச்சு. கோட்டுப் போட்ட பெரிய சாஹிப், முண்டாசு கட்டுன விவசாயிங்க முப்பது பேரு. மேசை மேல என் ஃபைலு. சாஹிப் பேனாவத் தொறந்து கையிலயே வச்சிருக்காரு. பேச்சு முடிஞ்சா கையெழுத்து. நான் அந்தப் பேனா முள்ளையே பாத்துக்கிட்டு நிக்குறேன்.

வசந்தாம்மா பேசுனாங்க. இலையில வாய் இருக்குறது, பொட்டாஷ் அத மூடுறது எல்லாம் இந்தியில சொன்னாங்க. முன்வரிசையில ஒரு பெரியவரு, சிரிச்சா முன்பல்லு ரெண்டும் இல்ல. அவரு எந்திரிச்சு, "பெஹன்ஜி, எந்தத் தொட்டி அந்தப் பொட்டாஷ் உப்பத் திங்காதது?"ன்னாரு.

"வெள்ளைப் பட்டை."

"ரெண்டும் ஒண்ணாத்தானே நிக்குது? அப்ப நாங்க எதுக்கு அத வாங்கிப் போடணும்?"

எல்லாரும் சிரிச்சாங்க. ஷாமியானாவே ஆடுச்சு. வசந்தாம்மா மூஞ்சி வெளுத்துப் போச்சு. அந்த நேரம் பாத்து சௌத்ரி முன்னால வந்து, "சாப், இந்த மதராசி திருட்டுத்தனமாத் தண்ணி ஊத்தியிருக்கான்"னு என்னையக் காட்டுனாரு. சாஹிப் என்னையப் பாத்தாரு, ஃபைலப் பாத்தாரு. பேனாவ மூடுனாரு. அந்த 'டக்'குங்குற சத்தம் இருக்கே, இன்னைக்கும் யாராச்சும் பேனா மூடுனா எனக்குத் தூக்கிப் போடும்.

அந்தப் பெரியவரு மட்டும் நேராப் போயி வெள்ளைத் தொட்டிக்குள்ள வெரல விட்டாரு. முழு வெரலும் உள்ள போச்சு. வெளிய எடுத்துப் பாத்தாரு. "பானி நஹீ ஹை. எலும்பு மாதிரி காஞ்சு கெடக்கு. இந்த ஆளு தண்ணி ஊத்தல." எனக்கு அவரு கால்ல விழலாம் போல இருந்துச்சு. ஆனா அவரு விடல. நகத்துக்குள்ள ஒட்டுனத மோந்து பாத்தாரு. செவப்புத் தொட்டியிலயும் வெரல விட்டு மோந்து பாத்தாரு. திரும்ப வெள்ளை.

"இதுல ராக் இருக்கு! சாம்பலு! யாரு போட்டது?"

யாருக்கும் தெரியாது. சௌத்ரிக்கும் தெரியாது. தண்ணி ஊத்தலேன்னு நிரூபணம் ஆயிருச்சு. நான் வாய மூடிக்கிட்டு நின்னிருந்தா ஃபைலு பொழைச்சிருக்கும். ஆனா வசந்தாம்மா அந்தத் தொட்டியவே வெறிச்சுப் பாத்துக்கிட்டு நிக்குறாங்க, வருசம் பூரா பாடுபட்டவங்க, ஏன்னு தெரியாம. எனக்கு ஒடம்புல பொட்டாஷ் கம்மி. வாய் தொறந்துருச்சு.

"மைனே டாலா, சாப்! நாந்தான் போட்டேன்!"

தொறந்தது நிக்கல. தமிழு, இந்தி, நடுவுல எனக்குத் தெரிஞ்ச நாலு இங்கிலீஷு எல்லாத்தையும் போட்டு, அசுவினி, மெட்ராஸ் பிரசவம், தந்தி, தந்திக்காரன் சைக்கிளு, சாணக்யபுரி வெந்நீரு, அஞ்சலை டின்னு, பஞ்சாபிக்காரம்மா மேல விழுந்த பழி வரைக்கும் சொல்லி முடிச்சேன். சமோசா ஆறிப்போச்சு.

வசந்தாம்மா கண்ண மூடுனாங்க. இங்கிலீஷ்ல நீளமா ஒண்ணு சொன்னாங்க. (புரியாததே நல்லது.) அப்புறம் கண்ணத் தொறந்து, மெதுவா தமிழ்ல கேட்டாங்க. "விறகுச் சாம்பல்ல என்ன இருக்குன்னு தெரியுமா காத்தமுத்து?"

"கரிதாம்மா."

"பொட்டாஷ். அந்தக் காலத்துல பொட்டாஷையே சாம்பல்லேருந்துதான் எடுத்தாங்க."

எது ஒண்ணு அந்த இருபது தொட்டிக்குள்ள போகவே கூடாதுன்னு சொல்லிட்டுப் போனாங்களோ, அத நான் தெனம் விடியக்காலம் எந்திரிச்சு, ஸ்வெட்டர் மாட்டிக்கிட்டு, கை கையா ஊட்டியிருக்கேன்! நாப்பது தொட்டியும் பொட்டாஷ் தின்னுருக்கு, நாப்பதும் வாய மூடிக்கிட்டு நிக்குது. வாய மூடத் தெரியாதது அங்க ஒண்ணே ஒண்ணுதான்.

விவசாயிங்களுக்கு ஒரே சந்தோசம். டாக்டரம்மாவ விட்டுட்டு என்னையச் சுத்திக்கிட்டு, "எத்தனை பிடி போட்ட? எந்த வெறகு?"ன்னு கேக்குறாங்க. சாஹிப் மட்டும் ஃபைலத் திருப்பி நீட்டி, "அடுத்த வருசம் பார்க்கலாம்"னுட்டு ஜீப்புல ஏறிட்டாரு.

வீட்டுல சொன்னேன். அஞ்சலை ஒரு கிண்ணத்துல சக்கரைப் பொங்கல எடுத்துக்கிட்டு நேராப் பஞ்சாபிக்காரம்மா வீட்டுக்குப் போனா. வாசல்ல நின்னு என் பக்கமாக் கையக் காட்டி, "சோர் யே ஹை, திருடன் இந்தா இருக்காரு"ன்னா. ரெண்டு பேரும் சேந்து சிரிச்ச சிரிப்பு தகரத்துல பட்டுத் திரும்பி வந்துச்சு.

வசந்தாம்மா பதினோரு நாளு என்கூடப் பேசல. பன்னெண்டாம் நாளு ஒரு தராசோட வந்தாங்க. "ஒரு பிடி எடுங்க." எடுத்தேன். நிறுத்து எழுதுனாங்க. "இன்னொரு பிடி." அதையும் நிறுத்தாங்க. பத்துப் பிடி, பத்தும் பத்து எடை. "உங்க கைய வச்சுக்கிட்டு ஒரு கணக்குக்கும் வர முடியாது"ன்னு சொல்லிட்டு, அப்பத்தான் சிரிச்சாங்க.

அடுத்த குளிருக்கு அறுபது தொட்டி. செவப்புக்குப் பொட்டாஷ், வெள்ளைக்கு ஒண்ணும் இல்ல, புதுசா கறுப்புப் பட்டைக்குச் சாம்பல், அளந்து போட்டது. சாம்பல் சப்ளை எங்க மச்சான் சிங்காரம். வெள்ளைத் தொட்டிக்கு மட்டும் காவலு. யாருகிட்டேருந்துன்னு நான் சொல்லணுமா? தண்ணிய நிறுத்துன மூணாம் நாளு மத்தியானம், வெள்ளை இருபதும் ஒண்ணு போலத் தலையத் தொங்கப் போட்டுருச்சு. செவப்பு நிமிந்து நின்னுச்சு. கறுப்பு அதுக்கு ஒரு படி கீழ, ஆனா நின்னுச்சு. ஏழாம் நாளு அதே சாஹிப் வந்து பாத்தாரு. எல்லாரும் கை தட்டுனாங்க. நான் மட்டும் வெள்ளைத் தொட்டிங்கள பாத்து அழுதேன். சாஹிப் அத ஆனந்தக் கண்ணீருன்னு நெனச்சுக்கிட்டு ஃபைல்ல கையெழுத்துப் போட்டுட்டாரு.

குவார்ட்டர்ஸ் கெடைச்சுது. ஓட்டு வீடு இல்ல, காங்கிரீட்டு. மொத ராத்திரி மூஞ்சியில ஒண்ணும் சொட்டலேன்னு எனக்குத் தூக்கமே வரல.

சௌத்ரி ரிடையர் ஆன அன்னைக்கு மாலையெல்லாம் போட்டோம். என்னையக் கட்டிப் பிடிச்சாரு. மீசை என் காதுல குத்துச்சு. ரகசியமாக் கேட்டாரு, "அப் தோ பதா தே, காத்து. இப்பவாச்சும் சொல்லிரு. தண்ணி ஊத்துனதானே?"

எங்க வீட்டுல அதுலேருந்து ஒரு பேச்சு இருக்கு. நான் எதையாச்சும் ஆரம்பிச்சு நீட்டுனா, அஞ்சலை "பொட்டாஷ்!"ம்பா. அது எம்பொண்ணுக்கு ஒட்டிக்கிச்சு. இப்ப பேரப் புள்ளைங்க. அதுங்களுக்குத் தமிழ்ல பத்து வார்த்தை தெரிஞ்சா அதுல இது ஒண்ணு. இதத் தமிழுன்னே நெனச்சுக்கிட்டு இருக்குதுங்க. மருமகன் நல்ல மரியாதையான புள்ள, வாய் தொறந்து சொல்ல மாட்டாரு. பொட்டாஷுக்குப் பதிலா உப்பு டப்பாவ மட்டும் மெதுவா என் பக்கம் நகத்தி வைப்பாரு.

இந்தா, அடுப்படியிலேருந்து அஞ்சலை எட்டிப் பாத்தாச்சு. சொல்லிட்டா, உங்களுக்கும் கேட்டிருக்கும். நான் நிறுத்திக்குறேன். நீங்க இத நாலு பேருகிட்ட சொல்லுங்க, வெறகுச் சாம்பலக் குப்பையில கொட்டாதீங்கன்னு சொல்லுங்க. அடுத்தவங்க தொட்டியில மட்டும் கேக்காம போட வேணாம்னும் சொல்லுங்க. ஹரியானாப் பக்கம் போனா, அங்க எந்தச் சௌத்ரி வீட்டுத் திண்ணையிலயாச்சும் இந்தக் கதை நடந்துக்கிட்டு இருந்தா, நின்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லிட்டு வாங்க. சாம்பலு போட்டது காத்தமுத்துதான். தண்ணி ஊத்தல.